கடைசி வரை கேட்கிறவர்

அவருக்கு ஃபோன் செய்து கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கிற பெண்கள் கொடுத்து வைத்தவர்கள். நாமெல்லாம் 'வேண்டாம்' என்பதைக்கூட முழுதாகச் சொல்லாமல் வைத்துவிடுகிறோம். அவர் கேட்பார். அந்தப் பெண் மனப்பாடம் செய்து வைத்திருப்பதை எல்லாம் ஒப்பித்து முடித்து, மூச்சு வாங்கி, இந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சந்தேகப்படும் வரை கேட்பார். அதற்கப்புறம்தான், "முடிஞ்சுதாம்மா? கார்டு வேணாம்மா" என்பார். ஒரு தடவை ஒரு பெண், தேங்க்ஸ் சார் என்று ரெண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தாளாம். நான் நம்பினேன். அன்றைக்கு அவளை முடிக்க விட்ட ஒரே ஆள் இவராகத்தான் இருந்திருப்பார்.

ஆபீஸ் கேப் வண்டியிலும் இதே கதைதான். டிரைவர் ஆனேக்கல் பக்கத்து ஆள், அண்ணனோடு நிலத் தகராறு. பொம்மசந்திராவில் வண்டி ஏறியதும் தொடங்குகிற கதை எங்கள் கட்டடத்து வாசலில் முடியாது. நாங்கள் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைத் தேய்த்து உள்ளே போய்விடுவோம். இவர் மட்டும் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். கதை கோர்ட் வாசலைத் தாண்டி ஒரு இடத்தில் நின்ற பிறகுதான் மேலே வருவார்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். இசைப் பதிவுகளை விற்கிற வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக, ஒவ்வொரு பதிவையும் காதால் கேட்டு மூன்று கட்டங்களை நிரப்புவது எங்கள் வேலை. டெம்போ, கீ, மூட். எவ்வளவு வேகம், எந்தச் சுருதி, என்ன மனநிலை. உலகத்தின் ஏதோ மூலையில் ஒருவர் 'மெதுவான, சோகமான இசை' என்று தேடினால் அவருக்குச் சரியான பதிவு போய்ச் சேர வேண்டும். அதற்காக நாங்கள் ஒரு கூட்டம் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். சின்ன வயதில் ஆம்பூரில் வயலின் கற்றுக்கொண்டவள் என்ற ஒரே தகுதியில் நான் உள்ளே நுழைந்தேன். அவர் பிறந்து வளர்ந்தது ஸ்ரீராம்புரத்தில். ஒரு லைட் மியூசிக் குழுவில் பல வருடம் கீபோர்டு வாசித்துவிட்டு, குழு கலைந்த பிறகு இங்கே வந்தவர். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு பதிவை இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டு நிரப்ப வேண்டும் என்பது அங்கே முறை. இருவர் போட்டதும் ஒத்துப்போனால் பதிவு நகர்ந்துவிடும். ஒத்துப்போகாவிட்டால் எங்கள் டீமை மேய்க்கிற லீட் மேடத்திடம் பஞ்சாயத்துக்குப் போகும். எனக்கு ஜோடியாக அமைந்தவர் அவர். பொருத்தம் பார்த்து வைத்திருந்தால்கூட இவ்வளவு பொருந்தாத ஜோடியைப் பிடித்திருக்க முடியாது.

ஏனென்றால் நான் தள்ளிவிட்டுப் போகிற ரகம். தொடக்கத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் கேட்டால் போதும் என்று ஆபீஸே சொல்லியிருந்தது. நான் அதிலும் பாதியைத் தின்றுவிடுவேன். அவர் முழுதாகக் கேட்பார். பாட்டு முடிந்த பிறகு வருகிற வெறும் இரைச்சலையும் கேட்பார். ஒரு நாள் தீ விபத்து ஒத்திகைக்காக மணி அடித்து, கட்டடமே படியிறங்கிக் கீழே வெயிலில் நின்றது. தலை எண்ணிப் பார்த்ததில் ஒன்று குறைந்தது. செக்யூரிட்டி மேலே ஓடினார். இவர் ஒரு விரலை உயர்த்தி, கொஞ்சம் பொறு என்று அவருக்குச் சைகை காட்டினாராம். அன்றிலிருந்து ஆபீஸில் அவருக்கு 'ஃபுல் மீல்ஸ்' என்று பெயர். அவர் காதிலும் அது விழுந்திருக்கும். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

அவரிடம் பேசுவது வேறு ஒரு அனுபவம். நாம் பேசும்போது எதிரில் இருக்கிறவர் 'ம்' கொட்ட வேண்டும், தலையாட்ட வேண்டும், 'அப்படியா' என்றாவது சொல்ல வேண்டும். இவர் எதையும் செய்ய மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருப்பார். அந்த அமைதி தாங்காமல் நாம் நினைத்ததைவிட அதிகமாகப் பேசிவிடுவோம். எனக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோன கதையை, பிஜி விடுதியில் என்னோடு தங்கியிருந்த பெண்களிடம்கூடச் சொல்லாததை, ஒரு மாலை இவரிடம் கொட்டித் தீர்த்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம். எல்லாம் ஓய்ந்த பிறகு அவர் மெல்ல, "முடிஞ்சுதாம்மா?" என்றார். அவ்வளவுதான். 'போனா போகுது விடு' என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. நான் பேசவில்லை என்பதை அவர் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

அவருடைய மனைவி பிரிந்து போனதற்கும் அந்த ஒரு கேள்விதான் காரணம் என்று பிறகு அவரே சொன்னார். ஏதோ சண்டை. அந்த அம்மா தன் மனதில் இருந்த அத்தனையையும் கொட்டியிருக்கிறார். இவர் குறுக்கே ஒரு சொல் பேசாமல் கேட்டுவிட்டு, மரியாதையாக, முடிந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். மரியாதை என்று இவர் நினைத்துக்கொண்டார். இன்னும் ஏதாவது மிச்சமிருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளலாமே என்ற எண்ணம். எந்தப் பெண்டாட்டி காதில் அது அப்படி விழும்? அந்த அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு அத்திபெலேயில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். இவர் ஸ்ரீராம்புரம் வீட்டைத் தம்பிக்கு விட்டுவிட்டு, அத்திபெலேக்குக் கிட்டே இருக்கட்டும் என்று பொம்மசந்திராவில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டார்.

மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. தினமும் சாயங்காலம் டீ நேரத்தில் அவளுக்கு ஃபோன் செய்யலாம் என்பது குடும்பத்தில் ஏற்பட்டிருந்த ஏற்பாடு. அவருக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு ஃபோன்தான். மற்றதெல்லாம் வேலை, கேப், அறை. எங்கள் மாடியின் பின்புறப் படிக்கட்டில் போய் உட்கார்ந்து, காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு நம்பரைப் போடுவார். நானும் என் டீயோடு இரண்டு படி தள்ளி உட்காருவேன். மேசையிலேயே உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதைவிட அது மேல்.

முதல் சில நாள் எனக்குப் புரியவில்லை. ஃபோன் ஓடிக்கொண்டிருக்கும். இவர் பேச மாட்டார். அந்தப் பக்கமும் யாரும் பேசுகிற மாதிரி இவர் முகத்தில் ஒரு அசைவும் இருக்காது. லைன் கிடைக்கவில்லையா என்று கேட்டேன்.

"கெடச்சுது. அவ பேச மாட்டா. கட்டும் பண்ண மாட்டா. எடுத்து டேபிள் மேல வச்சுட்டு ஹோம்வொர்க் எழுதுவா."

"நீங்க பேச வேண்டியதுதானே?"

"எழுதறப்ப எதுக்கு தொந்தரவு பண்ணனும்?" என்றார்.

டீ நேரம் முழுக்க அவர் அந்த வீட்டைக் கேட்டார். ஃபேன் சத்தம், பென்சில் சீவுகிற சத்தம், சமையலறையில் குக்கர், மகள் வாய்க்குள் முணுமுணுக்கிற ஏதோ பாட்டு. முடிந்ததும் என்னைப் பார்த்து, ஆபீஸ் வேலையின் தொடர்ச்சி மாதிரி அறிக்கை கொடுப்பார். இன்றைக்கு மெதுவாக எழுதுகிறாள், கணக்காக இருக்கும். முணுமுணுப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியிருக்கிறது, தொண்டை கட்டியிருக்கிறது. மூட் பரவாயில்லை. டெம்போ, கீ, மூட் மூன்றும் வந்துவிடும். எனக்குச் சிரிப்பு வரும். சில நாள் சிரிப்பு வராது. யாரோ ஒருவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆள் தினமும் நின்றுகொண்டிருக்கிறார், அதற்கு நான் துணை போகிறேன் என்று இருக்கும். அதே சமயம், என் வீட்டில் நான் எழுதுகிற சத்தத்தை யாராவது இப்படிக் கேட்பார்களா என்றும் இருக்கும். பொறாமைதான். வேறென்ன சொல்வது.

ஒரு நாள் வழக்கமான நேரத்தைத் தாண்டியும் அவர் எழுந்திருக்கவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது. திடீரென்று இயர்ஃபோனைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். துண்டு துண்டாகச் சொன்னார். டேபிளுக்குப் பக்கத்திலேயே அவர் மனைவியும் மைத்துனரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். பெண்ணை அடுத்த வருடம் கிருஷ்ணகிரியில் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று. அங்கே ஃபோன் கிடையாது. பெண் எழுதுகிற சத்தம் நின்றுபோனது. பேச்சு நீண்டது. கடைசியில் மைத்துனரின் கண் டேபிள் மேல் இருந்த ஃபோனில் பட்டுவிட்டது. எடுத்து, யார் பேசுவது என்று அதட்டியிருக்கிறார். இவர் பதில் சொல்லவில்லை. மைத்துனர் நம்பரைப் பார்த்துப் புரிந்துகொண்டு, குடும்பம் பேசுவதை ஒட்டுக்கேட்கிற ஆளுக்கு இனிமேல் ஃபோன் கிடையாது என்று வைத்துவிட்டார்.

"கேட்டதும் ஏதாவது சொல்லியிருக்கலாமே அண்ணா?"

"அவங்க பேசி முடிக்கலயே" என்றார்.

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

மறுநாளிலிருந்து டீ நேரத்தில் நம்பரைப் போட்டால் எடுப்பதில்லை. ஆனாலும் படிக்கட்டுக்கு வந்து உட்காருவார். அந்த வாரத்தில்தான் எங்கள் இருவருக்கும் அந்தச் சிம்பொனி வந்தது.

முழுச் சிம்பொனி அல்ல, அதன் இரண்டாம் பகுதி மட்டும். ஐரோப்பாவில் ஏதோ ஓர் அரங்கில், ஜனங்கள் முன்னால் வாசித்தபோதே பதிவு செய்தது. நடுவில் யாரோ இருமுவார்கள், நாற்காலி கிறீச்சிடும். அடியில் கனத்த வயலின்கள் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்க, ஓபோ என்கிற குழல் தனியாக ஒரு சின்ன வாக்கியத்தை வாசிக்கும். நம் நாகசுரத்துக்குத் தூரத்துச் சொந்தம் அது, சத்தம்தான் கம்மி. அது வாசித்ததும் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் நின்றுவிடும். யாரும் பதில் வாசிக்க மாட்டார்கள். குழல் கொஞ்சம் பொறுத்து, அதே வாக்கியத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றி மறுபடி வாசிக்கும். இப்படியே போகும்.

மூன்று கட்டத்திலும் நாங்கள் மோதிக்கொண்டோம். டெம்போ நிமிஷத்துக்கு 92 தட்டு என்று நான் போட்டேன், மெஷின் காட்டியதும் அதுதான். அவர் அதில் சரிபாதி, 46 என்று போட்டிருந்தார். ஹெட்ஃபோனை ஃபோனில் மாட்டிக்கொண்டு, இசைக்கு ஏற்ப வராந்தாவில் நடந்து பார்த்தாராம். 92க்கு நடந்தால் பஸ் பிடிக்கப் போகிற மாதிரி இருக்கிறதாம். அவர் நடந்த நடையைப் பார்த்து, சாருக்கு ஏதாவது வேண்டுதலா என்று செக்யூரிட்டி என்னிடம் விசாரித்தார். கீயில் நான் சி மைனர் என்று போட்டுவிட்டு நகர்ந்திருந்தேன். அவர் அதையே போட்டு, கடைசியில் சி மேஜரில் முடிகிறது என்றும் சேர்த்திருந்தார். கட்டத்தில் ஒன்றுக்குத்தான் இடம். மூடில் நான் சோகம். அவர் காலியாக விட்டிருந்தார்.

லீட் மேடம் எங்கள் மேசைக்கு வந்து, தமிழும் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து எங்கள் இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். ஒரு கீ போதும், பட்டியலில் இருக்கிற மூடில் ஏதாவது ஒன்றைப் போட்டுத் தள்ளு, சீக்கிரம், "பேகா மாடி" என்று கன்னடத்தில் விரட்டிவிட்டுப் போனார். அதற்குள் டீ நேரம் வந்துவிட்டது. சண்டையைப் படிக்கட்டுக்குக் கொண்டுபோனோம். இயர்ஃபோனை மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். இனி அதற்கு வேலை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ.

"சோகம்னு போட்டா என்னண்ணா? எல்லாரும் அதத்தான் போடுவாங்க."

"சோகம் இல்லம்மா அது. அழுவறவன் இவ்ளோ நிறுத்தி நிறுத்தி அழ மாட்டான். இது கூப்ட்டுட்டு நிக்கறது. இன்னொருத்தன் வருவானான்னு பாத்துனு நிக்கறது."

"அதுக்குப் பட்டியல்ல பேர் இல்லையே."

"இல்ல" என்று ஒத்துக்கொண்டார்.

லீட் மேடம் அன்று மாலையே சோகம் என்று போட்டு அந்தப் பதிவை அனுப்பிவிட்டார். உலகத்தில் யாராவது இப்போது சோக இசை என்று தேடினால் அது வந்து நிற்கும். நான் சில மாதத்தில் அந்த வேலையை விட்டேன். அவரும் விட்டுவிட்டதாகக் கேள்வி. பழைய நம்பரில் அவர் இல்லை. கடைசியாக அவரைப் பார்த்தபோது, மகள் கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டதைச் சொன்னார். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அத்திபெலேக்குப் போய் மைத்துனர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். யாரும் வற்புறுத்தவில்லை, அப்பனைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியாது, போகிறேன் என்று பெண்ணே சொல்லிவிட்டாள் என்று மைத்துனர் சொன்னாராம். இவர் முழுவதையும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். ஏன் அப்படிச் சொன்னாள் என்று இவருக்கு விளங்கவில்லை. எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆனால் சிம்பொனிக்காகச் சண்டை போட்ட அந்த டீ நேரம் இன்னும் முடியவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன்.

மூடுக்குப் பட்டியலில் பெயர் இல்லை என்று அவர் ஒத்துக்கொண்ட அந்த நிமிடத்தில்தான் அவர் ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர். காதில் மாட்ட ஒன்றும் இல்லாததால் ஸ்பீக்கரில் போட்டு எங்கள் இருவருக்கும் நடுவே படியில் வைத்தார். பின்னணியில் ஹோசூர் ரோட்டு லாரிகளின் ஹார்ன்.

"அப்பா, நான்தான். ஃப்ரெண்டு ஃபோன்ல பேசறேன். டியூஷன் வாசல்ல இருக்கேன்."

எவ்வளவோ நாள் கழித்து அவள் தன்னிடம் பேசுவதை அவர் கேட்கிறார். கண்ணை மூடிக்கொண்டார். நான் எழுந்து போகப் பார்த்தேன். உட்கார் என்று கையைக் காட்டினார்.

"அன்னிக்கு எல்லாம் கேட்டுனுதானே இருந்த? நீ கேக்கணும்னுதான் அவங்க பேசற எடத்துல ஃபோன வச்சேன். ஸ்பீக்கர்ல போட்டு வச்சேன். நீ ஏதாவது சொல்லுவேன்னு பாத்தேன். மாமா எடுத்துக் கேட்டப்ப கூட ஒண்ணும் சொல்லல."

லாரி ஒன்று கடந்து போனது.

"டெய்லியும் அப்டித்தாம்ப்பா. இன்னிக்கு பேசுவ, இன்னிக்கு பேசுவன்னு வச்சுனே இருப்பேன். இப்பவாவது சொல்லு. நான் ஹாஸ்டலுக்குப் போவட்டா, வேணாமா?"

அவர் அசையவில்லை. எனக்குப் பதறியது. பிறகுதான் புரிந்தது. அவள் முடித்துவிட்டாளா என்று அந்த மனிதர் காத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் ஏதாவது மிச்சம் இருக்குமோ என்று. நான் அவர் தோளைத் தட்டி, "அண்ணா, முடிச்சுட்டா. பேசுங்க" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே பேச ஆரம்பித்தார். முதலில் சாப்பிட்டாயா என்றார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "போவாதம்மா" என்றார். அதற்கப்புறம் அது நிற்கவே இல்லை. போகாதே, நான் வருகிறேன், உன் மாமனிடம் பேசுகிறேன், எனக்குப் பேச வராது என்று உன் அம்மா சொல்வது சரிதான், ஆனால் இதைப் பேசிவிடுவேன் என்றார். நீ பென்சில் சீவுகிறது எனக்குத் தெரியும், ஜுரம் வந்தபோது தெரியும், ஒரு நாள் எழுதாமலே உட்கார்ந்திருந்தாயே அதுவும் தெரியும், அன்றைக்கு என்ன என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கத் தெரியவில்லை என்றார். பொம்மசந்திரா அறையில் ஜன்னல் பக்கம் ஒரு மேசை போட இடம் இருக்கிறது என்றார். அவர் பிறந்ததிலிருந்து அவ்வளவு பேசியிருப்பாரா என்பது சந்தேகம். கண்ணோரம் நனைந்திருந்தது. எனக்கும்தான்.

"அவ்ளோதாம்மா" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

படியில் இருந்த ஃபோன் இருண்டு கிடந்தது. லாரிச் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. அவர் அதை எடுத்துத் திரும்ப அந்த நம்பரைப் போட்டார். அணைக்கப்பட்டிருக்கிறது என்று கன்னடத்தில் ஒரு பெண் சொன்னாள். அதையும் கடைசி வரை கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எது வரைக்கும் கேட்டிருப்பா?"

எனக்குத் தெரியவில்லை. நான் ஃபோனைப் பார்க்கவே இல்லை. பேசுகிற அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.